ஐந்தாவது கண்ணி

சந்தி திரும்பியதும் உதயகலா ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"அடுப்பை நிப்பாட்டினனானோ எண்டு சந்தேகமாக் கிடக்கு மாமி. நீங்கள் போய் கிளினிக்கிலை நம்பரை எடுங்கோ. நான் பாத்திட்டுப் பின்னாலை பஸ்ஸிலை வாறன்."

"உன்ரை மனுசன் இப்ப தோட்டத்தாலை வந்திருப்பான். போன் அடிச்சுக் கேளன்," என்றார் மாமியார் கனகாம்பிகை.

"சார்ஜ் இல்லை மாமி."

கைப்பைக்குள் போன் அந்த நேரம் பார்த்து 'டிங்' என்றது. மாமியார் கைப்பையைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"சரி, போ. ஆனா படலையைத் தட்டிப்போட்டு உள்ளுக்குப் போ பிள்ளை."

ஓட்டோ தெல்லிப்பழைப் பக்கம் போய் மறைந்தது.

சொந்த வீட்டுக்குள் போகப் படலையைத் தட்ட வேண்டுமாம். அப்படியானால் மாமியாருக்கும் தெரியும்.

கொக்கி ஊசியால் நூல் பின்னும் பழக்கம் உதயகலாவுக்கு யூடியூப் பார்த்து வந்தது. வீட்டில் ரீவிக்கு, தண்ணீர்க் குடத்துக்கு, மகள் கீர்த்திகாவின் போத்தலுக்கு எல்லாம் சட்டை போட்டாயிற்று. "இனி மாட்டுக்கும் ஒண்டு பின்னும்," என்று கணவர் சுபாஸ்கரன் பகிடி விடுவார்.

இப்போது பின்னுவது மேசை விரிப்பு. ஒரு பூவுக்கு எட்டு இதழ். ஒரு இதழுக்கு ஐந்து கண்ணி.

மூன்று கிழமைக்கு முன் ஓர் இதழில் நான்கு கண்ணிதான் விழுந்திருந்தது. மேலே மூன்று வரி பின்னிய பிறகுதான் கண்டாள். அலுப்பில் அப்படியே சுருட்டிப் பைக்குள் வைத்தாள். மறுநாள் செவ்வாய்; மாமியாரின் கால் புண்ணுக்கு மருந்து கட்டுகிற நாள். போய்விட்டு வந்து எடுத்துப் பார்த்தபோது இதழில் ஐந்து கண்ணி இருந்தது. மேலிருந்த மூன்று வரியையும் யாரோ அவிழ்த்துத் திரும்பப் பின்னியிருந்தார்கள்.

அவளுடைய கை தொய்வான கை. இந்தக் கண்ணிகள் ஊசி நுனி நுழையாதபடி இறுகிக் கிடந்தன.

அடுத்த செவ்வாயும் அப்படித்தான்.

மாமியாருக்குக் கை நடுங்கும். மகளுக்குப் பள்ளிக்கூடம். ஊருக்குள் இந்தப் பின்னல் தெரிந்த இன்னோர் ஆள் பின்வளவு நிரோஜாதான். நிரோஜாவின் புருசன் பிரான்சில் ஏழு வருசமாய் விசாவுக்குக் காத்திருக்கிறான். செவ்வாயில் பத்து மணிக்குப் பிறகு சுபாஸ்கரன் வீட்டில் தனியே நிற்பார்.

நடக்க நடக்கப் பழைய சந்தேகங்களும் கூடவே வந்தன. சண்டை முடிந்த வருசம் கட்டாருக்குப் போய் மூன்று வருசம் இருந்தவர் என்று சொல்லித்தான் கல்யாணம் பேசினார்கள். கட்டாரிலிருந்து வந்தவர் வீட்டில் ஒரு பூப்போட்ட போர்வைகூட இல்லை. அதைச் சொல்லி அக்கா சிரித்தபோது அவள் சண்டை பிடித்திருக்கிறாள். கட்டாரைப் பற்றிக் கேட்டால் "சரியான வெக்கை" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

ஒன்றை மறைக்கத் தெரிந்தவருக்கு இரண்டாவதை மறைப்பது பெரிய வேலையில்லை.

அவள் படலையைத் தட்டவில்லை. கொழுக்கியை விரலால் தூக்கிச் சத்தமில்லாமல் நுழைந்தாள்.

விறாந்தையில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. மற்றவள் தன்னுடையதைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

அறை யன்னல் பாதி சாத்தியிருந்தது. உள்ளே அவருடைய குரல் கேட்டது. பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதுபோல, மிக மெதுவாக.

யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அறையில் கட்டில் இருந்தது, கதிரை இருந்தது. சுபாஸ்கரன் நிலத்தில், சுவரோடு முதுகை ஒட்டி, முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இருந்தார். வாழைக்கயர்க் கறை படிந்த விரல்களுக்கிடையில் கொக்கி ஊசி ஓடியது. கண்கள் மூடியிருந்தன. வேறு யாரும் இல்லை.

"எகய், தெகய், துனய், ஹதரய்…"

ஐந்தாவது கண்ணியில் நூலை இழுத்து இறுக்கினார்.

"பஹய்."

சிங்களம்.

தம்புள்ளையிலிருந்து லொறிக்காரர் வாழைக்குலை எடுக்க வந்தால், தனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் விளங்காது என்று அடுத்த தோட்டத்துக் கனகலிங்கத்தைக் கதைக்க விட்டுத் தள்ளி நிற்கிற மனிதர்.

உதயகலாவின் மச்சான் ஒருவர், சண்டைக்குப் பிறகு ஆமியின் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்தபோது, உள்ளே சிங்கள ஆமிக்காரர் பழக்கிப் பின்னிய பை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் கண்ணிகளும் இப்படித்தான் இறுகியிருந்தன. அந்தப் பை சுவரில் தொங்கிய காலத்தில்தான் அவளுடைய அப்பா தரகரிடம் சொன்னார்.

"தடுப்பாலை வந்த பெடியளுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது. வேறை இடம் பாருங்கோ."

அடுத்த மாதம் கட்டார் மாப்பிள்ளையின் சாதகம் வந்தது.

அவள் வந்த வழியே, மண்ணில் காலை ஊன்றாமல் திரும்பிப் போனாள். படலைக்கு வெளியே நின்று கொழுக்கியை மூன்று தரம் அடித்தாள். செருமினாள்.

அவர் விறாந்தைக்கு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. கையில் ஒன்றும் இல்லை.

"என்னப்பா, கிளினிக்குக்குப் போகேல்லையே?"

"அடுப்பை நிப்பாட்டினனானோ எண்டு பாக்க வந்தனான்."

"அது நிப்பாட்டித்தான் கிடக்கு."

"ஓம். அப்ப நான் போட்டு வாறன்."

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம், மாமியாரின் கிளினிக் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, அவள் மேசை விரிப்பை மடியில் விரித்தாள். ஓர் இதழில் ஐந்து கண்ணி போட்டாள்.

பிறகு ஒன்றை அவிழ்த்தாள். மேலே மூன்று வரி பின்னி, சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.