கோலமாவு படாத கை

நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது, உங்கள் கையால் அடி வாங்கியவள் உங்களைச் சுற்றி நடக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? நெம்மேலிக் கடலோரத்துக் குடிமறப்பு இல்லத்தின் முற்றத்தில் கண்ணாயிரம் அப்படித்தான் மல்லாந்து கிடக்கிறான். பெண்டாட்டி ஜோதிலட்சுமி சம்மதித்தால் நாளைக்குக் காலையில் அவளோடு வீட்டுக்குப் போகலாம். அதற்கு முந்தின சாயங்காலம் புருஷன் படுத்துக்கொள்ள, பெண்டாட்டி அவன் உடம்பைச் சுற்றிக் கோலமாவால் கோடு இழுப்பதும் மற்றவர்கள் கைதட்டிப் பாடுவதும் இங்கே வழக்கம். காதருகே அவள் வளையல் குலுங்குகிறது. கழுத்தோரம் மாவு சில்லென்று உதிர்கிறது. இடது கை, இடுப்பு, கால் எல்லாம் சுற்றி மேலே வந்தவள் வலது தோளருகே நின்றுவிடுகிறாள். அவன் விரல்கள் தானாக மடங்குகின்றன. பிடிவாதமாக விரித்து வைக்கிறான். மாவு விழவில்லை. “இன்னாடி ஜோதி, ஒரு கைய வுட்டுட்ட? மொண்டிக் கையோடவா இட்டுனு போவப் போற?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். “அந்தக் கையப் பாத்தா இன்னும் பயமா கீதுக்கா,” என்கிறாள் ஜோதி. கைதட்டல் ஓய்கிறது. மாவு டப்பாவைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்கிறது. அவன் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் தனியாகத்தான் பஸ் ஏறினாள்.