முப்பத்தொன்பது நாற்காலிகள்

புதிதாக வடிவமைத்த அலுவலகத்தில் நாற்பது பேருக்கு முப்பத்தொன்பது நாற்காலிகளே போட்டிருந்தார்கள். காலையில் இடம் கிடைக்காதவர் வீட்டுக்குப் போக வேண்டும்; மூன்றாம் முறை வேலையே போய்விடும். நடுவில் எழுந்தாலும் நாற்காலி அடுத்தவருக்கு. ஏற்கெனவே இருமுறை திரும்பிப்போயிருந்த அமுதவல்லி அன்று ஓடிவந்து, பேருந்தில் இடம் பிடிப்பதுபோல் கடைசி நாற்காலியில் கைக்குட்டையை வீசினாள். ஜெயசீலன் அதன்மேலேயே உட்கார்ந்தான்.

“எந்திரி தம்பி, கர்ச்சீப் போட்டிருக்கேன்ல?”

“இது என்ன டவுன் பஸ்ஸாக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவன் தொடையில் இறக்கினாள். அலறி எழுந்தவன் தரையில் சரிந்தான். அவள் உட்கார்ந்துகொண்டாள். இருக்கை இன்னும் சூடாக இருந்தது.

“யாராச்சும் வாங்களேன்” என்று அவன் கெஞ்சினான். முதலுதவிப் பெட்டி எதிர்ச்சுவரில்தான் தொங்கியது. அமுதவல்லி உட்பட முப்பத்தொன்பது பேரும் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டு அதையே பார்த்தார்கள்.