ஏலத்தில் வாங்கிய ஆழம்

காஜா பெராங் ஊர்க்காரரான தெய்வநாயகம் மேசையில் விரித்திருந்த கடல் வரைபடத்தை ஓங்கித் தட்டினார்.

“நாடே மெர்டேக்கான்னு சுதந்திரம் வாங்கிருச்சு, உனக்கு இன்னும் புத்தி வரலையே அப்பு! படகை எப்படிடா சேத்துல ஏத்துன?”

“மிஷின் ஆழம் அஞ்சுன்னு காட்டுச்சு, முதலாளி. படத்துலயும் அஞ்சுன்னுதான் போட்டிருக்கு,” என்றான் படகோட்டி அப்பு.

“மிஷின் வெள்ளைக்காரனோடது, அடிக்கணக்குல காட்டும். படம் ஜப்பான்காரனோடது, மீட்டர்ல போட்டிருக்கான். சண்டையில ஒத்துப்போகாத ரெண்டு பேரும் என் படகுல ஒத்துப்போவானுங்களா?”

“ரெண்டையும் மலிவா ஏலத்துல எடுத்தது நீங்கதானே?”

“வாங்குறது என் வேலை, பார்த்து ஓட்டுறது உன் வேலை! மண்டையில என்ன களிமண்ணா? இனிமே உனக்கு இங்க வேலை இல்ல. என் கண்ணு முன்னால நிக்காத, போடா!”

அப்பு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான். தொப்பென்று சத்தம் கேட்டது.

தெய்வநாயகம் படகின் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். சேற்றில் சாய்ந்து நின்ற படகிலிருந்து குதித்து, அப்பு உஜோங் பாசிர் கரையை நோக்கித் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தான்.

“டேய், எனக்கு நீச்சல் தெரியாதுடா! கரை வரைக்கும் ஆழம் எவ்வளவு?”

அப்பு திரும்பிப் பார்க்கவில்லை.

“உங்க மிஷினைக் கேளுங்க, முதலாளி!”