திருப்பி எறி!

“திருப்பி எறி! திருப்பி எறி!”

கேலரி மொத்தமும் எழுந்து நின்று கத்தியது. கத்தல் அத்தனையும் மார்லீனைப் பார்த்துத்தான். அவளோ மடியில் வந்து விழுந்த பந்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் இது எழுதாத சட்டம். நம் டீம் சிக்சர் மாதிரி தூக்கி அடித்த ஹோம் ரன் பந்து கேலரியில் விழுந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எதிரி அடித்ததா, உடனே மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும். அதிலும் இது பரம எதிரி செயின்ட் லூயிஸ்காரன் அடித்தது! செப்டம்பர் கடைசி. ஒரு ரன் பின்தங்கியாகிவிட்டது. இன்றைக்குத் தோற்றால் இறுதிச் சுற்றான பிளேஆஃப் கனவுக்கு மங்களம் பாடிவிட வேண்டியதுதான்.

“ஏம்மா, நம்ம தொப்பியைப் போட்டுக்கிட்டு அவன் பந்தைக் கொஞ்சிக்கிட்டு இருக்கே?” முன் வரிசைக்காரன் ஒருவன் திரும்பி நின்று வேர்க்கடலை ஓட்டை வீசினான். “சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கறே?”

பக்கத்து இருக்கை காஸ் டுடெக் எழுந்தார். தொந்தி, வெயிலில் சிவந்த கழுத்து, வெண்கலத் தொண்டை. இந்த வரிசைகளுக்கு அவர்தான் நாட்டாமை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. “இந்த வருஷம் சிறந்த ஆட்டக்காரர் விருது நம்ம ஹோல்காம்புக்குத்தான்” என்று ஆரம்பித்து, “பிளேஆஃப் போகாத டீம்காரனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?” என்று கேட்ட அதே கடலைக்காரனை வறுத்தெடுத்திருந்தார்.

“குடும்மா” என்று கையை நீட்டினார்.

மார்லீன் தலையாட்டினாள். “நானும் பொறந்ததுலேருந்து சிகாகோ டீம்தாங்க. ஆனா இது எலியெசர் அடிச்சது.”

“எந்தக் கொம்பன் அடிச்சா என்ன?”

“அவன் எங்க வீட்டுப் பையன்ங்க. பியோரியாவுல சின்ன லீக் ஆடுறப்ப எங்க மாடி ரூம்லதான் தங்கியிருந்தான். நான்தான் ஆக்கிப் போட்டேன். ‘இவன் எங்க தேறப்போறான், ஊருக்கு அனுப்பிடலாம்’னு எல்லாரும் சொன்னாங்க. போன வாரம்தான் பெரிய டீம்ல எடுத்தாங்க. இது அவனோட முதல் ஹோம் ரன்.” அவள் பந்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “அவன் அம்மா டொமினிகன் நாட்டுல இருக்காங்க. முதல் பந்தை எப்படியாவது வாங்கி அனுப்பறேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

காஸின் முகம் இளகவில்லை.

“சட்டம்னா சட்டம்.”

பந்தை அவள் கையிலிருந்து பிடுங்கினார். காலில் சிக்கிய தன் ஜாக்கெட்டைக் குனிந்து ஒதுக்கித் தள்ளிவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி நின்று, முழு பலத்தோடு வீசினார்.

கேலரி அதிர்ந்தது. “காஸ்! காஸ்!” யாரோ அவர் கையில் பீரைத் திணித்தார்கள். கீழே ஆட்டக்காரன் ஒருவன் எரிச்சலோடு பந்தைப் பொறுக்கி ஓரத்தில் இருந்தவனிடம் தட்டிவிட, அவன் அதை வாளியில் போட்டான். வாளி நிறையப் பழைய பந்துகள். இனி அந்தப் பந்தை எலியெசரே வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

“நீங்கல்லாம் ஒரு மனுஷனா?” மார்லீன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“உட்காரு. இப்ப எழுந்து போனா டீமோட ராசி போயிடும்.”

“உங்க ராசியில இடி விழ!”

சொன்னாளே தவிர, உட்கார்ந்துவிட்டாள். அவளும் சிகாகோ ரசிகைதானே, அந்தப் பயம் அவளுக்கும் உண்டு.

கடைசி இன்னிங்ஸ். எல்லாரும் தொப்பியின் உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டிக்கொண்டார்கள். தோற்கிற நேரத்தில் செய்கிற வேண்டுதல் அது. மார்லீனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே திருப்பி மாட்டினாள். அந்த அம்மாவுக்குப் போனில் என்ன சொல்வது என்பதுதான் மனசு முழுக்க.

ஹோல்காம்ப் அடித்தான். பந்து சுவரில் மோதித் திரும்புவதற்குள் இரண்டு பேர் ஓடி வந்து சேர, இரண்டு ரன். சிகாகோ ஜெயித்தது!

முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். “எவன் ஓட்டுப் போடுவான்னு கேட்டியேடா, இப்ப கேளு!” என்று காஸ் கடலைக்காரனின் முதுகில் ஓங்கி அறைந்தார். மார்லீனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் கலைந்து படிகளில் இறங்கத் தொடங்கியதும், காஸ் தன் ஜாக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“பாக்கெட்ல கையை விடு.”

வேண்டாவெறுப்பாக விட்டாள். உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். புத்தம் புதிய பந்து. மட்டை பட்ட கறுப்புத் தடம்கூட இன்னும் அழியவில்லை.

“ஐயோ... அப்போ நீங்க எறிஞ்சது?”

“மெதுவாப் பேசு, மானம் போயிடும்.” காஸ் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “பையில ஒரு பழைய பந்து இல்லாம இந்த வரிசைக்கு யாரு வர்றா? உன் மேல கடலை ஓட்டை எறிஞ்சானே, அவன் ரெண்டு வெச்சிருக்கான். நீ வெளியூரு, உனக்குத் தெரியல. நாங்க கத்துறது டீமுக்காக. நீ பந்தை அந்த அம்மாவுக்கு அனுப்பு.”

மார்லீன் அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பையன்கிட்ட மட்டும் சொல்லி வை, நாளைக்கும் அடிச்சுத் தொலைக்க வேணாம்னு” என்றார் காஸ். “இன்னிக்குப் போனது என் நாயோட பந்து. அதுக்கே வீட்டுல போய் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல!”