இருபது நிமிட வேலை

ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கியிருக்கையில் வங்கி மேலாளர் வேலையை உதறிவிட்டு, தில்லைநாயகம் இந்த வேலையில் சேர்ந்தார். சம்பளம் சொற்பம்தான், ஆனால் டார்கெட் கிடையாது, ரத்த அழுத்தமும் ஏறாது. வர முடியாத உறவினர்களுக்குப் பதிலாகத் துக்க வீட்டில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அனுப்பியவர் யாரென்று சட்டையில் குத்திய பெயர்ப் பட்டையில் ஒளிரும். கம்பெனிக்கு ஒரே விதி: கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது.

அன்று மன்னார்புரத்தில் கோமளவல்லி அம்மாளின் கணவர் இறந்திருந்தார். கூடத்தில் ஒன்பது நாற்காலிகள். ஒன்பதிலும் கம்பெனி ஆட்களே. அந்த அம்மாள் ஒவ்வொரு பட்டையாகப் படித்துக்கொண்டே வந்து தில்லைநாயகத்தின் முன் நின்றார். ‘மகன், டொரான்டோ’ என்றிருந்தது.

“நீங்கதான் என் பையனா?”

“ஆமாம்மா.”

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சும்மா.”

கைக்கடிகாரம் அதிர்ந்தது. நேரம் முடிந்துவிட்டது. எழுந்தவருக்குப் பழக்கதோஷத்தில் வாய் தவறிவிட்டது.

“போயிட்டு வரேம்மா.”

எட்டுத் தலைகளும் திரும்பின. தில்லைநாயகம் நாக்கைக் கடித்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

கோமளவல்லி அம்மாள் வாசல்வரை கூடவே வந்தார்.

“எப்ப வருவீங்க?”