முதல் வண்டி

ப்ளோவ்திவ் ரயில் நிலைய வாசலில் மஞ்சள் டாக்சிகள் வரிசையாக நின்றன. ஒன்றும் நகரவில்லை.

"பெரியாஸ்பத்திரி போகணும். என் வீட்டுக்காரரை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறதுக்குள்ள பார்த்தாகணும்," என்றாள் ரும்யானா.

இரண்டாவது வண்டிக்காரர் மித்கோ, சூரியகாந்தி விதை கொறித்தபடியே முன்னால் கைகாட்டினார். "முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. முதல்ல நிக்கிற தோன்ச்சோ போகாம நாங்க போக முடியாது."

"அவர் வருவாரா?"

"கிட்டத்துச் சவாரின்னா அவருக்குக் காது கேக்காது. காலையிலேருந்து பதிலே சொல்லாம எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிட்டாரு!"

அவள் முதல் வண்டியில் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ரேடியோ மட்டும் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மடங்கு தரேன்."

கண்ணாடியில் அவர் கண்கள் அவளையே பார்த்தன.

"நீங்க மனுஷன்தானா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை மெல்லச் சாய்ந்து ஜன்னலில் முட்டியது. கழுத்து சில்லிட்டிருந்தது.

இறங்கி ஓடிவந்தாள். "ஐயோ, அவர் செத்துக் கிடக்கிறார்!"

மித்கோ முன்னால் நின்ற வண்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த விதைத் தோலைத் தட்டிவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

"அப்போ நான்தான் முதல் வண்டி. ஏறுங்கம்மா."

ரும்யானா ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள்.