இரும்பின் நிறம் கேட்டவள்

"கேசரி மாதிரி இரும்பையுமா கிண்டுவாங்க?" என்று கேட்டாள் பெண்.

முத்திருளன் நாக்கைக் கடித்துக்கொண்டான். உருக்காலையில் இரும்பு கிண்டும் வேலை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். நெருப்புப் பக்கத்தில் நிற்பவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று, இதுவரை பார்த்த வீட்டார் எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். "வேலையப் பத்தி வாயத் தெறக்காத மாப்ள" என்று எச்சரித்து, இந்தக் கே.கே. நகர் வீட்டில் அவனை உட்காரவைத்துவிட்டு, தரகரை அழைத்துவரப் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தார் தாய்மாமன் விருமாண்டி. பெண்ணின் அம்மா அடுப்படியில் இருந்தாள்.

பெண்ணின் முகத்தில் பயம் இல்லை. அதனால் அவனுக்குத் தைரியம் வந்தது.

"கரண்டி போட்டா கரண்டியே உருகிரும்ங்க. காய்ச்சின இரும்பை அச்சுல ஊத்துவோம். ஓரமெல்லாம் இறுகிரும், உள்ள மட்டும் கொழம்பா நிக்கும். அப்படியே விட்டா நடுவுல ஓட்டை விழுந்துரும்."

"அப்புறம்?"

"அச்சைச் சுத்திக் கம்பிச் சுருள் வச்சிருக்கோம். போன வருசம்தான் வந்துச்சு. கரண்டு விட்டா காந்தமாகிரும். உள்ள இருக்க அம்புட்டு இரும்பும் மெதுவாச் சுத்த ஆரம்பிக்கும். யாரும் தொடல, எதுவும் படல. அது பாட்டுக்குச் சுத்தும்."

"என்ன நெறம்?"

இதுவரை யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. முத்திருளன் கண்களை மூடிக்கொண்டான்.

"வைகையில தண்ணி வர்றப்ப அந்திவெயில் விழுகும்ல? அது நின்ன எடத்துலயே சுழிச்சா எப்படி இருக்கும், அப்படி. பாத்துக்கிட்டே நின்னா நம்மளும் சேந்து சுத்துறாப்ல இருக்கும்."

அவனுக்கு வைத்த காபி ஆறி ஆடை கட்டியது. அவள் கன்னத்தில் கைவைத்து, அந்தச் சிவப்பை எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். இவளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

வாசலில் விருமாண்டி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"எந்திரி மாப்ள! வீடு மாறிப்போச்சு. நாம பாக்கவேண்டிய பொண்ணு அடுத்த தெருவாம்!"

முத்திருளன் பதறி எழுந்தான். அவள் அசையவே இல்லை.

"எங்களுக்கு வரவேண்டியது பேங்கு மாப்பிள்ளை" என்றாள் தலையைக் குனிந்தபடி. "நீங்க உருக்காலைன்னதுமே தெரிஞ்சுபோச்சு, வீடு மாறி வந்துட்டீங்கன்னு. உக்காருங்க, நான் இன்னும் கேட்டு முடிக்கல."